ஒரு கொப்பு தாங்கோ

எங்களில் பாதிப்பேரின் யன்னல் கட்டில் இப்போது ஒரு போத்தல் இருக்கிறது. சோடாப் போத்தல், ஜாம் போத்தல், அக்காவின் கலியாண வீட்டில் மிஞ்சிய கண்ணாடிக் கிளாஸ், ஏதோ ஒன்று. அரைவாசிக்குத் தண்ணீர், அதற்குள் ஒரு மணிபிளான்ற் கொப்பு. கொரோனா முடக்க காலத்தில் வேலையில்லாமல் தொடங்கிய பழக்கம், இன்னும் போகவில்லை. கொப்பிலிருந்து முதல் வேர் வெள்ளைப் பல்லுப் போல எட்டிப் பார்க்கிற அன்றைக்கு அதைப் படமெடுத்து ஸ்ரேற்றஸ் போடாத ஆள் எங்களுக்குள் இல்லை.

மணிபிளான்றைப் பற்றி எங்கட ஊர்களில் ஒரு கதை உண்டு. காசு குடுத்து வாங்கினால் ராசியில்லை. கேட்டு வாங்கினாலும் சரிவராது. ஆரின்ரையும் வீட்டில களவாக முறிச்சுக்கொண்டு வந்து வைச்சால்தான் காசு சேருமாம். இதை நம்பிப் பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் கை நீட்டினவர்களும் எங்களுக்குள் இருக்கிறோம். இன்றுவரைக்கும் காசு சேரவில்லை.

ஆனால் அந்தச் செடியின் வரலாறு இந்தக் கதையை விடச் சுவையானது. மணிபிளான்ற் பசுபிக் சமுத்திரத்தில் மூரேயா என்ற சின்னத் தீவைச் சேர்ந்தது. வளர்ப்பில் அது பூப்பது மிக மிக அரிது. பூவில்லையென்றால் விதையுமில்லை. ஆகவே யாழ்ப்பாணத்து யன்னலிலும், வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பல்கனியிலும், ஹற்றன் கடை வாசலிலும் நிற்கிற மணிபிளான்றெல்லாம் யாரோ முறித்து யாருக்கோ கொடுத்த கொப்புகளிலிருந்து வந்தவைதான். கையிலிருந்து கைக்குப் போய்ப் போயே உலகத்தைச் சுற்றிய செடி அது.

கொப்பு வைத்து வேர் விடச் செய்வதை ஒரு பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகலாம். நாங்களும் கன நாளாக அப்படித்தான் நினைத்திருந்தோம். இப்போது எங்கட கட்சி வேறு. வீட்டுக்கு ஒரு செடி வேண்டுமென்றால் முதலில் கடைக்குப் போகாதீர்கள். களவெடுக்கவும் வேண்டாம். ஒரு வீட்டுப் படலையைத் தட்டி, "ஒரு கொப்பு தாங்கோ" என்று கேளுங்கள். எந்த வீட்டுப் படலை என்பதில்தான் விசயம் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறோம். முதலில் கொப்பை வேர் விட வைப்போம்.

வேர் எங்கிருந்து வருகிறது

ஓ.எல். விஞ்ஞானத்தில் பதிய இனப்பெருக்கம் என்று ஒரு பாடம் படித்திருப்போம். பரீட்சை முடிய அதையும் புத்தகத்தோடு கட்டி வைத்துவிட்டோம். விசயம் இதுதான். தண்டின் நுனியிலும் இளம் இலைகளிலும் ஒட்சின் என்ற ஓமோன் உண்டாகிறது. அது தண்டு வழியே கீழ்நோக்கிப் போகும். கொப்பை வெட்டியதும் போக வழியில்லாமல் வெட்டு வாயில் தேங்குகிறது. அங்கே கணுவுக்கும் மாறிழையத்துக்கும் கிட்ட உள்ள கலங்கள் தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டுத் திரும்பவும் பிரியத் தொடங்குகின்றன. அவைதான் வேராகின்றன. தண்டாக இருந்த கலம் வேராகிற இந்தச் சங்கதி மனிதருக்கு வாய்க்காதது. ஒரு கை வெட்டுப்பட்டால் கையிலிருந்து ஆள் முளைப்பதில்லை.

வேர் வரவேண்டிய இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் முளைக்கிற இப்படியான வேருக்கு எங்கட கலைச்சொல் "இடம்மாறிப் பிறந்த வேர்". சொல்லை ஆக்கினவர்கள் செடியை மட்டும்தான் மனதில் வைத்திருந்திருப்பார்கள். முகாமில் பிறந்தவர்களும் வன்னியில் பிறந்து வவுனியாவில் வளர்ந்தவர்களும் இருக்கிற எங்கட கூட்டத்தில் அதை வாசித்தபோது எல்லாரும் ஒருக்கால் சிரித்தோம், பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். தொடங்குகிற ஆளுக்குச் செவ்வரத்தை நல்லது. பென்சில் மொத்தத்தில், பச்சை மாறிக் கபிலமாகத் தொடங்கிய கொப்பு ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். கீழ் வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, சரிவாக இருக்கட்டும். மேல் வெட்டு நேராக இருக்கட்டும். எது தலை, எது கால் என்று பிறகு குழம்பாமலிருக்கத்தான் இந்த வித்தியாசம். தலைகீழாக நட்ட கொப்பு பெரும்பாலும் பட்டுத்தான் போகும். கீழ் இலைகள், பூ, மொட்டு எல்லாவற்றையும் கிள்ளிவிட்டு மேலே இரண்டு மூன்று இலையை மட்டும் விடுங்கள். அவையும் பெரிதென்றால் பாதியாக நறுக்கிவிடுங்கள். வேரில்லாத கொப்புக்குத் தண்ணீர் உறிஞ்ச வழியில்லை, இலையோ தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வரவில்லாத வீட்டில் செலவைக் குறைக்கிற மாதிரித்தான்.

அடியில் ஓட்டை போட்ட யோகட் கோப்பையில் ஆற்று மணலும் தும்புச்சோறும் சரிபாதி கலந்து நிரப்பி, ஒரு கணுவாவது உள்ளே போகிற மாதிரிக் கொப்பை ஊன்றுங்கள். அடியை வெட்டிய தண்ணீர்ப் போத்தலை மேலே கவிழ்த்தால் ஈரப்பதன் நிற்கும். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகக் கூடாது. மூன்றிலிருந்து ஆறு கிழமை பொறுங்கள். இடையில் வேர் வந்திட்டுதோ என்று இழுத்துப் பார்க்கிற ஆசை வரும். இழுக்க வேண்டாம். வந்த வேரும் அறுந்துபோகும்.

மணிபிளான்ற், கற்பூரவள்ளி, துளசி போன்றவை வெறும் தண்ணீரிலேயே வேர் விடும். இரண்டு நாளைக்கு ஒருக்கால் தண்ணீரை மாற்றினால் சரி. தண்ணீரில் வந்த வேர் சும்மா தொட்டாலே முறிகிற சாதி. ஆகவே விரல் நீளம் வரும்வரை காத்திருக்காமல், அதற்கு முன்பே மண்ணுக்கு மாற்றுவது நல்லது. நாங்கள் முதல்முறை பத்துச் செவ்வரத்தைக் கொப்புகளைப் போத்தலில் போட்டு வெயில் படிகிற யன்னலில் வைத்தோம். தண்ணீரையும் மாற்றவில்லை. ஏழு அழுகிப்போயின. மணமும் அப்படித்தான் இருந்தது.

வேர்த்தூள் வேண்டுமா என்று கனபேர் கேட்கிறார்கள். 1930களில் இண்டோல் பியூற்றிரிக் அமிலம் என்ற செயற்கை ஒட்சினைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்தத் தூள் வியாபாரம் வந்தது. லேசில் வேர் விடாத செடிகளுக்கு அது உதவும். செவ்வரத்தைக்கும் முருங்கைக்கும் மரவள்ளிக்கும் தேவையேயில்லை. மாதுளையும் முந்திரிகையும் முற்றிய தடியிலிருந்தே வரும். கோப்பாய்ப் பக்கத்து முந்திரிகைப் பந்தல்கள் தடியில் இருந்து எழும்பினவைதான். மாமரக் கொப்பை மட்டும் போத்தலில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். கறுத்தக்கொழும்பான் வேண்டுமென்றால் ஒட்டுமாங்கன்றுதான் வழி.

கதியால்

இதெல்லாம் யூரியூப்பில் வந்த புது வித்தை என்று சொன்னால் அம்மம்மாமார் சிரிப்பினம். யாழ்ப்பாணக் குடாநாடு நெடுங்காலம் கொப்பு ஊன்றி எல்லை போட்ட நிலம். பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளை ஆளுயரத்துக்கு வெட்டி, நெருக்கமாக ஊன்றி, மழைக்கு வேர் விடச் செய்தால் அதுதான் கதியால். அதிலே கிடுகையோ பனையோலையையோ சேர்த்துக் கட்டினால் மறைப்பு. வெட்ட வெட்டத் துளிர்க்கிற குழை ஆட்டுக்கும், தோட்டத்தில் தாழ்க்கவும் போகும். காய்ந்த தடி அடுப்புக்குப் போகும். நல்ல தடி இன்னொரு வேலிக்குக் கதியாலாகும். ஒரு வேலி ஒரு குடும்பத்தின் பசளைக் கடையாகவும் விறகுக் காலையாகவும் ஆட்டுத் தீனிக் களஞ்சியமாகவும் இருந்தது. அதை நடத்தினவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்களை ஒருவரும் விவசாயி என்று சொன்னதில்லை.

மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக்கிளுவையைப் பின்னாளில் அரசாங்கம் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. அம்மம்மாமார் அதற்கு முன்னமே அதை வேலியில் அறிவித்திருந்தார்கள்.

எங்களில் ஒருவரின் குடும்பம் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது. யுத்தம் முடிந்து, உயர் பாதுகாப்பு வலயக் காணிகள் பகுதி பகுதியாக விடுபட்டபோது திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். வீடு இல்லை. ஒழுங்கை இல்லை. அயலவனின் மதிலும் இல்லை. எல்லாம் பற்றைக்காடு. அம்மம்மா முதலில் கிணற்றைக் கண்டுபிடித்தா. பிறகு கிணற்றிலிருந்து கிழக்கே நடந்து, கட்டிப்பிடிக்க முடியாத மொத்தத்தில் ஒரே வரிசையில் நின்ற நாலு பூவரசுக்குக் கிட்டப் போய் நின்று, "இது நான் கலியாணம் முடிச்சு வந்த வருசம் ஐயா போட்ட கதியால்" என்று சொன்னா. காணி உறுதி எப்போதோ தொலைந்துபோயிருந்தது. உறுதி சொல்லாத எல்லையை ஊன்றிவிட்ட தடிகள் சொல்லின.

இன்றைக்கு அந்தக் காணியைச் சுற்றி மதில் கட்டியாயிற்று. வெளிநாட்டுக் காசு வந்த இடமெல்லாம் இதுதான் நடந்தது. மதில் பாதுகாப்பு, மதில் வடிவு, வருசா வருசம் வேலி அடைக்கிற செலவுமில்லை. அதை விளங்கிக்கொள்கிறோம். ஆனால் வேலி வெட்டுகிற அன்றைக்கு இரண்டு வளவுக்காரரும் வெளியே வந்து கதைக்க வேண்டியிருந்தது. மதிலுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது.

கொப்போடு வருகிறவை

கொப்பு என்பது தாய்ச்செடியின் அச்சு. பரம்பரை அலகில் ஒரு மாற்றமும் இல்லை. பிடித்த நிறச் செவ்வரத்தை அதே நிறத்தில் வருவது அதனால்தான். தாயிடம் இருக்கிற பலவீனமும் வைரசும் அப்படியே வருவதும் அதனால்தான்.

மரவள்ளியை எடுங்கள். 1970களில் இறக்குமதி நின்ற காலத்திலும், யுத்தகாலப் பொருளாதாரத் தடையிலும் மரவள்ளி எத்தனை வீட்டில் உலை ஏற்றியது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2022 நெருக்கடியில் நாங்களே கண்டோம். அரச ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி வெள்ளிக்கிழமை லீவு கொடுத்த காலம் அது. பெற்றோல் வரிசையில் நின்ற சைக்கிள்களின் பின் கரியரில் மரவள்ளித் தடிக் கட்டு இருந்தது. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடிய தடி, ஐந்தாறு கணு, ஒரு வாளி தண்ணீர், அவ்வளவும் போதும்.

அதே மரவள்ளிக்கு எங்கட நாட்டின் பெயரிலேயே ஒரு நோய் இருக்கிறது: இலங்கை மரவள்ளி மொசைக் வைரஸ். வெண்ணீ அதைப் பரப்பும். தூரம் கடத்துவது மனிதரின் கையில் போகும் நோய்த்தடி. 2015இல் கம்போடியாவில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த வைரஸ் சில வருடங்களிலேயே வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் போய்விட்டது. நல்ல மனதோடு கொடுத்த தடியிலும் அது போகும். ஆகவே இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக இருந்தால், இலை சுருண்டு கோணியிருந்தால், அந்தச் செடியில் தடி எடுக்காதீர்கள், மற்றவருக்கும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு செடிக்குப் பிறகும் கத்தியைக் கழுவித் துடையுங்கள்.

எல்லாச் செடியும் எல்லா இடத்துக்கும் போகலாம் என்றும் இல்லை. மட்டக்களப்பு வாவியில் படர்ந்து மீன்பிடிகாரரின் தோணியை மறிக்கிற ஆற்றுவாழை, பூ வடிவாயிருக்கிறது என்று கொண்டுவரப்பட்ட செடி. 1909இலேயே அதை ஒழிக்க இங்கே ஒரு சட்டம் போடவேண்டி வந்தது. சட்டம் நூறு வருடம் தாண்டிவிட்டது, செடியும் தாண்டிவிட்டது. கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் சூட்கேசுக்குள் கொப்பு ஒளித்துக் கொண்டுவருகிற மாமிமாருக்கு இதைச் சொல்லவேண்டும். 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் செடி கொண்டுவரக் கூடாது. கட்டுநாயக்காவில் பிடிபட்டால் வெட்கம். பிடிபடாமல் வந்தால் அதைவிட மோசம்.

விதையைக் கைவிடச் சொல்லவும் இல்லை. பனையைப் பாருங்கள். அதற்குக் கொப்பே இல்லை. ஒவ்வொரு பனையும் ஒரு விதையிலிருந்துதான் வரவேண்டும். ஆணோ பெண்ணோ என்று அறியவே பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள். ஒரு வளவில் இரண்டு வகையும் வேண்டும் என்பது எங்கள் எண்ணம்: தெரிந்ததைக் காப்பாற்றக் கொப்பு, தெரியாதது வரட்டும் என்று விதை.

வாளி நம்மளது

இந்த நாட்டில் மிகக் கூடுதலாகக் கொப்பு வைத்து வேர் விட வைத்தவர்கள் யாரென்று கேட்டால், யாழ்ப்பாணத்து அம்மம்மாமாரைச் சொல்ல முடியாது. மலையகத்துத் தேயிலைத் தவறணைகளில் வேலை செய்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். முந்திய தேயிலை விதையில் முளைத்தது. பிறகு தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தெரிந்தெடுத்த இனங்கள் வந்தன. டி.ஆர்.ஐ. 2025 போன்ற பெயர்களில் அவை தோட்டம் தோட்டமாகப் பரவின. வீ.பி. தேயிலை என்று மலையகத்தில் சொல்வது இதைத்தான். ஒரு இலை, ஒரு கணு, ஒரு துண்டுத் தண்டு. அதைப் பொலித்தீன் பையில் ஊன்றி, நிழல் போட்டு, தண்ணீர் தெளித்து, ஏறக்குறைய ஒரு வருடம் பிள்ளை மாதிரிப் பார்க்க வேண்டும். மலைச்சரிவில் பச்சைக் கம்பளம் போலத் தெரிகிற வீ.பி. தேயிலையெல்லாம் ஒரு தொழிலாளியின் விரல் ஊன்றிய கொப்புகள். விதைத் தேயிலைக்கு இருக்கிற ஆணிவேர் இவற்றுக்கு இல்லை. வரட்சி வந்தால் முதலில் தவிப்பதும் இவைதான்.

மலையகத்திலிருந்து எங்கட கூட்டத்துக்கு வருகிற தோழி ஒருத்தியின் அம்மா தவறணையில் வேலை செய்தவர். லயத்து வாசலில் பழைய பெயின்ற் வாளிகளில் ரோஜாவும் கற்பூரவள்ளியும் வைத்திருக்கிறார். "ஏம்மா தரையில வைக்கல?" என்று இவள் சின்ன வயதில் கேட்டாளாம். "தரை தோட்டத்தோடது. வாளி நம்மளது" என்று சொன்னாராம்.

1948இல் ஒரு சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 2023இல் அவர்கள் வந்து 200 வருடம் என்று நினைவுகூர்ந்தோம், ஊர்வலம் போனோம், கட்டுரை எழுதினோம். 7 பேர்ச் காணியும் தனிவீடும் என்ற பேச்சு எத்தனையோ தேர்தலைக் கண்டுவிட்டது. லயத்தில் இருப்பவர்கள் இன்னும் கனபேர். ஆயிரமாயிரம் கொப்புகளுக்கு வேர் கொடுத்த கைக்குத் தன் ரோஜாவை ஊன்ற ஒரு முழ மண் சொந்தமில்லை. "கொப்பு வைப்பது மனதுக்கு இதம், காசில்லாத சந்தோசம்" என்று நாங்கள் எழுதும்போது இதை மறந்துவிட்டு எழுதக் கூடாது. கொப்பு இலவசமாகக் கிடைக்கும். மண் அப்படியல்ல.

எந்தப் படலை

கதியால் வேலியைப் பற்றி மேலே உருகி எழுதினோம். அதற்கு மற்றப்பக்கமும் உண்டு. இரவோடிரவாகக் கதியாலை ஒரு அடி தள்ளி ஊன்றி, அதில் தொடங்கி வெட்டுக்குத்து, வழக்கு என்று இரண்டு தலைமுறை அலைந்த கதை இல்லாத ஊர் யாழ்ப்பாணத்தில் இல்லை. கொப்பு ஊன்றுவது நிலத்துக்கு உரிமை கொண்டாடுகிற வேலையும்தான். இந்தத் தீவின் மிகப் புகழ்பெற்ற கொப்பு அநுராதபுரத்தில் நிற்கிறது. சங்கமித்தை கொண்டுவந்த வெள்ளரசுக் கிளை என்று மகாவம்சம் சொல்கிறது. கோடிக்கணக்கானோர் கும்பிடுகிற மரம் அது, அந்தப் பக்திக்கு எங்கள் மரியாதை உண்டு. ஆனால் அதே மரத்தின் பெயரால் இன்று வடக்கிலும் கிழக்கிலும் நிலம் கேட்கப்படும்போது, ஒரு கன்று வெறும் கன்றாக இருப்பதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அடுத்தவர் ஊன்றுவதைச் சொல்கிற நாங்கள் எங்கட வேலியையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாண வேலி மாட்டை மட்டும் மறிக்கவில்லை. சில ஆட்களையும் மறித்தது. கிணற்றில் அள்ள விடாத, கோயிலுக்குள் விடாத, தனிப் பேணியில் தேத்தண்ணி கொடுத்த சமூகம் அது. "கொடுத்தது" என்று இறந்தகாலத்தில் எழுதுகிறோம். எழுதும்போதே இது முழு உண்மையில்லை என்று தெரிகிறது.

எங்களில் ஒருவருடைய வீட்டில் ஒரு மல்லிகைப் பந்தல் இருந்தது. ஒழுங்கையின் அந்தத் தொங்கலில் இருந்து ஒரு அம்மா இடைக்கிடை கொப்புக் கேட்டு வருவா. கேட்டால் இல்லையென்று சொன்னதில்லை. அப்பம்மா கொப்பு வெட்டி, ஈரச் சாக்குத் துண்டில் சுற்றி, படலைக்கு வெளியே நின்ற அந்த அம்மாவின் கையில் மேலிருந்து போடுவா. நல்ல மனுசி, ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பாதவ என்று வீட்டில் சொல்லுவினம். அந்த அம்மா ஏன் ஒருநாளும் படலைக்கு உள்ளே வந்ததில்லை என்று பேரப்பிள்ளை கேட்டதில்லை. கேட்கத் தெரிந்த வயதில் அப்பம்மா இல்லை. மல்லிகையும் மதில் கட்ட வெட்டுப்பட்டுவிட்டது.

போன மாரி தொடங்க, அவர் அந்த ஒழுங்கைத் தொங்கலுக்குப் போனார். வாசலில் அப்பம்மாவின் மல்லிகை பந்தல் கொள்ளாமல் பூத்துக் கிடந்தது. வேறு எங்கேயும் இல்லாமல் அங்கேதான் அது மிஞ்சியிருந்தது. படலைக்கு வெளியே நின்று, "அம்மா, ஒரு கொப்பு தாங்கோ" என்று கேட்டார். வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு வசனம் சொன்னதில்லை என்று எங்களுக்குச் சொன்னார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "உள்ள வாங்கோ தம்பி, வெளியில நிண்டு என்னெண்டு பாத்து எடுக்கிறது" என்று சொன்னாவாம். உள்ளே போய் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வந்தார். கொப்பு நாலு. இரண்டு பிடித்துவிட்டது.

இதைப் பெரிய புரட்சி என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு தேத்தண்ணியில் சாதி போய்விடாது. மல்லிகைக் கொப்பால் காணிச் சட்டமும் மாறாது. ஆனால் இந்தச் சம்பவம் எங்களுக்கு ஒன்றை விளங்கப்படுத்தியது. கொடுப்பது லேசு. கொடுக்கிற கை மேலேதான் இருக்கும், அப்பம்மாவின் கையைப் போல. கொடுத்துக்கொண்டே ஒருவரை ஆயுள் முழுக்கப் படலைக்கு வெளியே நிறுத்தி வைக்கலாம். கேட்கிறவர்தான் தன் கையைக் கீழே பிடிக்க வேண்டும். எங்கட வீடுகள் ஒருநாளும் கை நீட்டிக் கேட்டிராத வாசல்கள் எவையென்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வாசல்களில் போய்க் கேட்பதைத்தான் நாங்கள் சொல்கிறோம்.

"அப்ப, செடி வித்துப் பிழைக்கிறவை என்ன செய்யிறது?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. வீட்டு முற்றத்தில் தவறணை வைத்துப் பிள்ளையைப் படிப்பிக்கிற பெண்களை எங்களுக்கும் தெரியும். ஒட்டுமாங்கன்று, பதிவைத்த தேசிக்கன்று, நல்ல மரக்கறி நாற்று, இவற்றுக்குக் கைத்தொழில் வேண்டும், அதற்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். பேரம் பேசாமல் கொடுங்கள். ஆயிரம் இரண்டாயிரம் என்று கொழும்பிலிருந்து குரியரில் வருகிற வெளிநாட்டு இலைச் செடிக்குப் பதிலாக அவர்களிடம் வாங்குங்கள். செவ்வரத்தைக்கும் மல்லிகைக்கும் முருங்கைக்கும் அயலைக் கேளுங்கள்.

மாரி தொடங்கப் போகிறது. கொப்பு ஊன்ற இதைவிட நல்ல காலம் வராது. ஒரு கூரான கத்தி, ஒரு ஈரச் சாக்குத் துண்டு, இரண்டு யோகட் கோப்பை. போகும்போது வெறுங்கையோடு போகாமல் உங்கட வளவிலிருந்தும் ஒரு கொப்புக் கொண்டுபோங்கள். உள்ளே வரச் சொன்னால் போங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். ஆறு கிழமைக்கு இழுத்துப் பார்க்காதீர்கள்.